கல்கி கோச்லின்: பிரெஞ்சுக் குடும்பம், நீலகிரித் தமிழ், மும்பை சினிமா… இவர் எந்த ஊர்க்காரர்?

இந்திப் படம் பார்க்கிறவர்களுக்கு கல்கி கோச்லினைத் தனியாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ‘தேவ் டி’ படத்தின் சந்தா, ‘ஜிந்தகி நா மிலேகி தோபாரா’வின் நடாஷா, ‘யே ஜவானி ஹே தீவானி’யின் அதிதி, ‘மார்கரிட்டா வித் எ ஸ்ட்ரா’வின் லைலா எல்லாம் இவர்தான். இணையத்தில் பெயரைத் தட்டினால் ‘பிரெஞ்சு நடிகை’ என்றுதான் முதல் வரி வரும். ஆனால் பிறந்தது புதுச்சேரியில், வளர்ந்தது நீலகிரியில். குழந்தைப் பருவத்திலிருந்தே தமிழ் பேசுகிறவர்.

அப்போ இவரை எந்த ஊர்க்காரர்னு சொல்வது?

நீங்கள் பாலக்காடு மாவட்டம் சித்தூரிலிருந்து வாளையாறு தாண்டி கோவைக்கு வேலைக்கு வருகிறவராக இருந்தால், இந்தக் கேள்வியை வேறு வடிவத்தில் கேட்டிருப்பீர்கள். மூணாறு பக்கம் எஸ்டேட் லயத்தில் வளர்ந்து கொச்சியில் ஐடி வேலை பார்க்கிறவராக இருந்தாலும் அப்படித்தான். ‘நேட்டிவ் எது?’ என்று கேட்டு, நீங்கள் சொல்லும் பதிலைக் கேட்டதும் ‘ஓ, அப்போ மலையாளியா?’ என்பார்கள். பிறந்த இடம், முன்னோர் வந்த இடம், கையில் இருக்கும் ஆவணம், வாயில் இருக்கும் மொழி என நான்கும் ஒருவருக்கு ஒன்றாகவே இருக்கும் என்று உலகம் எதிர்பார்க்கிறது. கல்கியின் விஷயத்தில் இந்த நான்கும் நான்கு பக்கம் இழுக்கின்றன. அவருடைய குடும்பக் கதையும் சினிமா வாழ்க்கையும் அதிலிருந்துதான் புரியும்.

முதலில், பெயரை எப்படிச் சொல்வது?

தமிழில் கோச்லின், கொச்சலின், கோய்ச்சலின் என்று பலவிதமாக எழுதுகிறார்கள். பிரெஞ்சு உச்சரிப்பு ஏறக்குறைய ‘கெக்லா’ என்று வரும். இங்கே தமிழில் பழகிப்போன ‘கோச்லின்’ என்பதையே பயன்படுத்துகிறோம்.

‘கல்கி’ என்றதும் நமக்கு ‘பொன்னியின் செல்வன்’ எழுதியவர்தான் நினைவுக்கு வருவார். இவருக்கு அந்தப் பெயர் வைக்கப்பட்டது விஷ்ணுவின் பத்தாவது அவதாரத்தை வைத்து. பெற்றோர் இருவரும் பிரெஞ்சுக்காரர்கள். அப்பா ஜோயல் கோச்லின், அம்மா பிரான்சுவாஸ் அர்மாந்தி. கல்கி பிறந்தது 1984 ஜனவரி 10-ம் தேதி.

கோச்லின் குடும்பத்தின் பூர்வீகம் என்ன?

பிரான்சின் கிழக்கு ஓரத்தில், ஜெர்மனியையும் சுவிட்சர்லாந்தையும் ஒட்டி இருப்பது அல்சாஸ் பகுதி. அங்குள்ள முலூஸ் என்ற ஊரில் பெயர் பெற்ற தொழில் குடும்பம் கோச்லின் குடும்பம். 1746-ல் சாமுவேல் கோச்லின் தன் கூட்டாளிகளோடு சேர்ந்து அங்கே ஒரு துணி அச்சடிக்கும் ஆலை தொடங்கினார். குடும்பத்தின் தொழில் வளர்ச்சி அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

அந்த ஆலையில் அச்சடித்தது என்ன தெரியுமா? ‘அந்தியென்’ என்று பிரெஞ்சில் அழைக்கப்பட்ட பூப்போட்ட பருத்தித் துணி. அந்தச் சொல்லுக்கு ‘இந்தியத் துணி’ என்று அர்த்தம். சோழமண்டலக் கரையிலிருந்தும் இந்தியாவின் மற்ற துறைமுகங்களிலிருந்தும் கப்பலில் போன சாயத் துணிகளுக்கு அப்போது ஐரோப்பாவில் பெரிய கிராக்கி. உள்ளூர் பட்டு, கம்பளி வியாபாரிகள் நஷ்டப்பட்டதால் பிரான்ஸ் 1686-ல் அந்தத் துணியின் இறக்குமதிக்கும் உற்பத்திக்கும் தடை போட்டது. தடை 1759 வரை நீடித்தது. முலூஸ் அப்போது பிரான்சோடு சேராத தனிக் குடியரசு, அதனால் தடை அந்த ஊரைக் கட்டுப்படுத்தவில்லை. இந்தியத் துணியைப் பார்த்து அச்சடித்து அந்த ஊர் பணக்கார ஊரானது. 1798-ல்தான் முலூஸ் பிரான்சோடு இணைந்தது.

அதாவது, இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் புதுச்சேரியில் கால் வைப்பதற்கு 200 வருஷத்துக்கும் முன்பே, நம் கடற்கரையிலிருந்து போன துணிக்கும் அவர்களுடைய பிழைப்புக்கும் தொடர்பு வந்துவிட்டது.

பிறகு அதே குடும்பத்தின் ஆந்த்ரே கோச்லின் முலூஸில் இயந்திரத் தொழிற்சாலை நடத்தினார். பல இணைப்புகளுக்குப் பிறகு அந்தத் தொழில்வழியில் 1928-ல் உருவான நிறுவனம்தான் இன்றைய ஆல்ஸ்டம். சென்னை மெட்ரோவின் முதல் கட்டத்தில் நீங்கள் ஏறிய ரயில் பெட்டிகள் ஆல்ஸ்டம் தயாரித்தவை.

ஈபிள் கோபுரத்தோடு என்ன தொடர்பு?

கல்கியின் முன்னோர்களில் அதிகம் பேசப்படுகிறவர் மோரிஸ் கோச்லின். 1856-ல் அல்சாஸில் பிறந்த கட்டமைப்புப் பொறியாளர். சூரிச்சில் படித்தார். 1879-ல் குஸ்தாவ் ஈபிளின் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

அமெரிக்காவின் சுதந்திரதேவி சிலையை வெளியே பார்த்தால் செப்புத் தகடு தெரியும். அதை நிமிர்த்தி நிறுத்துவது உள்ளே இருக்கும் இரும்புச் சட்டகம். அந்தச் சட்டகத்தின் வடிவமைப்பில் மோரிஸுக்கு முக்கியப் பங்கு உண்டு. 1884 ஜூன் மாதம், 300 மீட்டர் உயரத்துக்கு ஓர் இரும்புக் கோபுரத்தை அவர் வரைந்தார். அதே நிறுவனத்தில் இருந்த எமில் நூகியே அவரோடு சேர்ந்து அதை யோசித்தவர். கட்டடக் கலைஞர் ஸ்தெபான் சொவெஸ்த்ர் அதற்கு வளைவுகளைச் சேர்த்து அழகுபடுத்தினார். ஈபிளுக்கு முதலில் பெரிய ஆர்வம் இல்லை. பிறகு காப்புரிமையில் தன் பெயரையும் சேர்த்து, மற்ற இருவரின் உரிமையையும் விலைக்கு வாங்கிக்கொண்டார். 1889-ல் திறந்த கோபுரத்துக்கு நிறுவன முதலாளியின் பெயரே நின்றது. ஆபீஸில் நீங்கள் போட்ட ஸ்லைடை மேனேஜர் தன் பெயரில் காட்டிய அனுபவம் இருந்தால், மோரிஸின் நிலைமை உங்களுக்குப் புரியும். ஆனாலும் அவர் அங்கேயே தொடர்ந்தார். 1893-ல் ஈபிள் விலகியதும் நிறுவனத்தின் பொறுப்பு மோரிஸிடம்தான் வந்தது.

இன்னொரு விஷயமும் இங்கே முக்கியம். மோரிஸுக்கு 15 வயதாகும்போது, 1871-ல், போரில் தோற்ற பிரான்ஸிடமிருந்து அல்சாஸை ஜெர்மனி எடுத்துக்கொண்டது. முதல் உலகப் போர் முடிந்த பிறகுதான் அது திரும்ப வந்தது. அவர் பிறந்த ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது, நாடுதான் மாறியது. ‘பிரெஞ்சுக் குடும்பம்’ என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்லிவிடும் இந்தக் குடும்பமும் ஓர் எல்லைக் குடும்பம்தான்.

அப்பா, அம்மா ஏன் இந்தியா வந்தார்கள்?

ஜோயலும் பிரான்சுவாஸும் பிரான்சின் ஆன்ஜே நகரத்திலிருந்து வந்தவர்கள். இருவரும் ஸ்ரீ அரவிந்தரைப் பின்பற்றியவர்கள். புதுச்சேரி ஆசிரமத்தின் ‘அன்னை’ மிரா அல்ஃபாசா பாரிஸில் பிறந்தவர். அவர் கனவு கண்ட ஆரோவில் நகரத்துக்கு 1968 பிப்ரவரி 28-ம் தேதி அடிக்கல் நாட்டப்பட்டது. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத ஊர் என்ற எண்ணத்தோடு உலகின் பல மூலைகளிலிருந்து இளைஞர்கள் அங்கே வந்து செம்மண் காட்டில் மரம் நட்டார்கள். கல்கியின் ஆரம்ப வருஷங்கள் ஆரோவிலில் கழிந்தன.

பிறகு குடும்பம் ஊட்டிக்குப் பக்கத்தில் கல்லட்டிக்குக் குடிபோனது. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் 36 கொண்டை ஊசி வளைவு ரோட்டில் போயிருந்தால் கல்லட்டியைத் தாண்டியிருப்பீர்கள். அப்பா ஜோயல் அங்கே ஹேங் கிளைடர்களையும் சிறிய ரக இலகு விமானங்களையும் வடிவமைக்கும் தொழில் தொடங்கினார். மோரிஸ் இரும்பை உயர நிறுத்தினார் என்றால், இவர் துணியையும் குழாயையும் பறக்கவிட்டார்.

கல்கிக்கு 15 வயது ஆனபோது பெற்றோர் பிரிந்தார்கள். அப்பா பெங்களூருக்குப் போக, கல்கி அம்மாவோடு இருந்தார். அப்பாவுடனான உறவு அறுந்துவிடவில்லை. 2016-ல் இருவரும் வடகிழக்கு மாநிலங்களில் மோட்டார் பைக்கில் சுற்றிய பயணம் ‘கல்கிஸ் கிரேட் எஸ்கேப்’ என்ற பெயரில் தொலைக்காட்சித் தொடராக வந்தது.

எந்த மொழியில் வளர்ந்தார்?

வீட்டில் பிரெஞ்சு, பள்ளியில் ஆங்கிலம், ஊரில் தமிழ். ஊட்டியில் இருக்கும் ஹெப்ரான் என்ற உறைவிடப் பள்ளியில் படித்தார். இந்தி இந்தப் பட்டியலில் இல்லை. அது வேலைக்காகப் பின்னாளில் கற்றுக்கொண்டது.

நீலகிரி அப்படிப்பட்ட இடம்தான். படுகு, தோதா, கோத்தா, கன்னடம், மலையாளம், தமிழ் எல்லாம் ஒரே சந்தையில் காதில் விழும். தெற்கே அந்த மாவட்டத்தின் காடு பாலக்காட்டின் அட்டப்பாடிக் காட்டோடு சேர்ந்துவிடுகிறது. அந்த மலைகளில் ஒரு குழந்தை நாலு மொழி பேசினால் யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. வெள்ளைத் தோலோடு தமிழ் பேசினால்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.

18 வயதில் கல்கி லண்டன் போனார். கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியில் நாடகம் படித்தார். ‘தியேட்டர் ஆஃப் ரிலேட்டிவிட்டி’ என்ற குழுவோடு இரண்டு வருஷம் வேலை செய்தார், வார இறுதிகளில் உணவகத்தில் பரிமாறினார். படிப்பு முடிந்ததும் இந்தியாவுக்குத் திரும்பிவிட்டார். முதலில் பெங்களூர், அங்கே வேலை சரியாக அமையாததால் மும்பை.

‘தேவ் டி’ வாய்ப்பு எப்படி வந்தது?

சரத் சந்திரரின் ‘தேவதாஸ்’ நாவலை அனுராக் காஷ்யப் இன்றைய பஞ்சாபுக்கும் டெல்லிக்கும் கொண்டுவந்து எடுத்த படம் ‘தேவ் டி’. சந்திரமுகி பாத்திரத்தின் நவீன வடிவம்தான் சந்தா. கல்கியின் மாடலிங் படங்களைப் பார்த்ததும் காஷ்யப் முதலில் வேண்டாம் என்றார். இந்திய முகம் இல்லை, இந்தியும் சரளமாக வராது என்பதுதான் காரணம். நடிப்புத் தேர்வின் வீடியோவைப் பார்த்த பிறகு முடிவை மாற்றிக்கொண்டார்.

2009 பிப்ரவரியில் படம் வந்தது. சிறந்த துணை நடிகைக்கான ஃபிலிம்ஃபேர் விருது கல்கிக்குக் கிடைத்தது. அதே 2009-ல் நாடக ஆசிரியராகவும் ஒரு விருது வாங்கினார். பிரசாந்த் பிரகாஷோடு சேர்ந்து எழுதிய ‘ஸ்கெலிட்டன் வுமன்’ நாடகத்துக்கு ‘தி இந்து’ மெட்ரோபிளஸ் நாடக ஆசிரியர் விருது. பலர் இதைக் கவனிப்பதில்லை. ஆனால் அவருடைய அடுத்தடுத்த வருஷங்களைத் தீர்மானித்ததில் இந்த எழுத்துக்கும் பங்கு உண்டு.

வெள்ளை முகத்துக்கு என்ன வேடம் கொடுப்பார்கள்?

இந்திப் படங்களில் வெள்ளைக்காரப் பெண் என்றால் பாட்டுக்குப் பின்னால் ஆடுவார், வில்லனின் பார்ட்டியில் கிளாஸ் ஏந்தி நிற்பார். ஆணாக இருந்தால் பிரிட்டிஷ் அதிகாரி. உதாரணத்துக்கு டாம் ஆல்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 1950-ல் மசூரியில், அமெரிக்க மிஷனரி குடும்பத்தில் பிறந்தவர். புனே திரைப்படக் கல்லூரியில் நடிப்புப் படித்தவர். இந்தியும் உருதும் தண்ணீர் பட்ட பாடு. நாடக மேடையில் அவர் மிர்சா காலிபாகவும் மௌலானா ஆசாத்தாகவும் நின்றார். சினிமா அவரை அதிகம் கூப்பிட்டது வெள்ளைக்காரத் துரை வேடத்துக்கு.

கல்கி இதைத் தாண்ட இரண்டு வழிகளில் முயன்றார். ஒன்று, தானே எழுதுவது. ‘தட் கேர்ள் இன் யெல்லோ பூட்ஸ்’ படத்தின் திரைக்கதையை காஷ்யப்போடு சேர்ந்து எழுதினார். இந்திய அப்பாவைத் தேடி மும்பைக்கு வரும் ரூத் என்ற பெண், வேலை பார்க்க அனுமதி இல்லாமல் ஒரு மசாஜ் பார்லரில் வேலை பார்க்கிறாள். விசா அலுவலகமும் அந்தக் கதையில் ஒரு பாத்திரம் மாதிரியே வரும். வெள்ளை முகம் இங்கே கதையின் அலங்காரமாக வரவில்லை, அதுதான் கதையே.

இரண்டாவது வழி, முகத்தை விளக்காத வேடங்கள். 2011-ல் ‘ஜிந்தகி நா மிலேகி தோபாரா’வில் பணக்கார மும்பைப் பெண் நடாஷா. 2012-ல் திபாகர் பானர்ஜியின் ‘ஷாங்காய்’ படத்தில் அரசியல் கொலையின் பின்னணியைத் தோண்டும் ஷாலினி. 2013-ல் ‘யே ஜவானி ஹே தீவானி’யில் நண்பர் கூட்டத்தின் அதிதி. இதில் அதிதிக்கு ஒரு சாதாரண இந்தியக் கல்யாணம் நடக்கிறது. இந்தப் பொண்ணு ஏன் வெள்ளையா இருக்குன்னு படத்தில் யாரும் கேட்பதில்லை. பார்த்தவர்களும் கேட்கவில்லை. அந்தப் பாத்திரத்தின் பெரிய வெற்றி அதுதான்.

ஷோனாலி போஸ் இயக்கிய ‘மார்கரிட்டா வித் எ ஸ்ட்ரா’ 2014-ல் டொரண்டோ விழாவிலும், 2015-ல் இந்தியத் திரையரங்குகளிலும் வந்தது. மூளை முடக்குவாதம் உள்ள லைலா என்ற கல்லூரி மாணவியாக கல்கி நடித்தார். 63-வது தேசியத் திரைப்பட விருதுகளில் நடுவர் குழுவின் சிறப்பு விருது அவருக்குக் கிடைத்தது. ‘பிரெஞ்சு நடிகை’ என்று அழைக்கப்படுகிறவர் இந்திய அரசின் தேசிய விருதை வாங்கினார்.

சொந்த வாழ்க்கை பற்றி ஒரு வரி: 2011-ல் ஊட்டியில் காஷ்யப்பைத் திருமணம் செய்தார், 2015-ல் விவாகரத்து. 2020-ல் தாயானார். கர்ப்ப கால அனுபவத்தை வைத்து ‘தி எலிஃபன்ட் இன் தி வூம்ப்’ என்ற புத்தகத்தை 2021-ல் வெளியிட்டார்.

தமிழ் தெரிந்தவர் தமிழுக்கு வர ஏன் 10 வருஷம் ஆனது?

கொஞ்சம் சங்கடமான கேள்விதான். ‘தேவ் டி’ வந்தது 2009-ல். கல்கியைத் தமிழ்த் திரையில் முதலில் பார்த்தது 2019 ஆகஸ்டில், அஜித் நடித்த ‘நேர்கொண்ட பார்வை’யில். அதுவும் ஒரு பாட்டில் மட்டும். 2020 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘பாவக் கதைகள்’ தொகுப்பில், விக்னேஷ் சிவன் இயக்கிய ‘லவ் பண்ணா உட்றணும்’ கதையில் அஞ்சலியோடு நடித்தார். 2025 பொங்கலுக்கு விஷ்ணுவர்தனின் ‘நேசிப்பாயா’.

இதே காலத்தில் தமிழ் சினிமா இன்னொரு ஐரோப்பிய முகத்தைக் கொண்டாடியது. 2010-ல் ‘மதராசபட்டினம்’ மூலம் வந்த பிரிட்டிஷ் நடிகை எமி ஜாக்சன். அதில் அவர் வேடம் ஆங்கிலேயப் பெண், பொருத்தமாக இருந்தது. அடுத்தடுத்த படங்களில் அவரே இந்தியப் பெண்ணாக வந்தார். 2016-ல் ‘தெறி’யில் அவர் மலையாளி ஆசிரியை ஆனி. டப்பிங் குரல் இருக்கும்போது மொழி ஒரு பிரச்சினையே இல்லை.

இதில் எமியின் தவறு எதுவும் இல்லை. கேட்ட வேலையைச் செய்தார். ஆனால் கணக்கைப் பாருங்கள். தமிழ் தெரியாத ஒரு வெள்ளை முகத்துக்குத் தமிழ்க் குரல் பூசி நாயகி ஆக்கிய அதே வருஷங்களில், தமிழ் பேசும் ஒரு வெள்ளை முகம் மும்பையில் இந்தி கற்றுக்கொண்டிருந்தது. நடிகைக்குத் தமிழ் தெரியுமா என்பது நம் சினிமாவில் வேலைக்கான தகுதியாகவே இருக்கவில்லை என்பதைத்தான் இது காட்டுகிறது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். வெள்ளைத் தோல் கல்கிக்கு வேடங்களைச் சுருக்கியது உண்மை. அதே தோல் சில கதவுகளைத் திறந்துவிட்டதும் உண்மை. தமிழ் பேசும் கறுத்த பெண்கள் எத்தனை பேர் நம் படங்களில் நாயகி ஆகியிருக்கிறார்கள் என்று விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். கல்கியை ‘நம்ம ஊட்டிப் பொண்ணு’ என்று பெருமைப்படும்போது இதையும் மறக்க வேண்டாம்.

பிறந்தது இந்தியாவில், குடியுரிமை பிரான்சில். எப்படி?

பிரெஞ்சுச் சட்டப்படி அப்பா, அம்மா இருவரில் ஒருவர் பிரெஞ்சுக் குடிமகனாக இருந்தாலே குழந்தைக்கும் அந்தக் குடியுரிமை வரும். எங்கே பிறந்தது என்பது அதில் பொருட்டில்லை. கல்கி பெற்றோர் வழியில் பிரெஞ்சுக் குடிமகள்.

இந்தியச் சட்டம் மூன்று கட்டமாக மாறியிருக்கிறது. 1955-ம் வருஷக் குடியுரிமைச் சட்டத்தின்படி:

- 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்தியாவில் பிறந்தவர், தூதரக அதிகாரியின் குழந்தை போன்ற சில விதிவிலக்குகள் தவிர, பெற்றோர் யாராக இருந்தாலும் பிறப்பால் இந்தியக் குடிமகன்.
- 1987 ஜூலை 1 முதல் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும்.
- 2004 டிசம்பர் 3 முதல் ஒருவர் இந்தியராக இருப்பதோடு, மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாகவும் இருக்கக் கூடாது.

1984-ல் பிறந்தவர்களுக்கு முதல் விதி பொருந்தும். ஆனால் இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. இரண்டில் ஒன்றைத்தான் கையில் வைத்திருக்க முடியும். பிரெஞ்சுப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறவர் எத்தனை வருஷம் இங்கே வாழ்ந்தாலும், வரி கட்டினாலும், இந்தியத் தேர்தலில் ஓட்டுப் போட முடியாது.

இதற்கு நேர் எதிரான கதையும் புதுச்சேரியிலேயே உண்டு. பிரான்ஸ் 1954 நவம்பர் 1-ம் தேதி நிர்வாகத்தை இந்தியாவிடம் கொடுத்தது. சட்டப்படியான கைமாற்றம் 1962 ஆகஸ்ட் 16-ல் நடந்தது. அங்கே பிறந்து அங்கேயே வசித்தவர்கள் தானாக இந்தியர் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று ஒப்பந்தம் சொன்னது. அப்படி எழுதிக் கொடுத்த தமிழ்க் குடும்பங்களின் வாரிசுகள் இன்றும் புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடிமக்கள். பிரான்சின் அதிபர் தேர்தலுக்கு அங்கேயே ஓட்டுப் போடுகிறார்கள். அவர்கள் தெருவில் போனால் யாரும் ‘பிரெஞ்சுக்காரர்’ என்று சொல்ல மாட்டார்கள். கல்கி போனால் எல்லாரும் சொல்வார்கள். பாஸ்போர்ட் ஒன்றுதான்.

பிரெஞ்சு சினிமா தன் பங்குக்கு ஒரு தமிழ் முகத்தைப் பார்த்தது. யாழ்ப்பாணத்து அல்லைப்பிட்டியில் பிறந்து பிரான்சில் தஞ்சம் புகுந்த எழுத்தாளர் ஷோபாசக்தி, ழாக் ஓதியாரின் ‘தீபன்’ படத்தில் நாயகன். படத்தின் வசனம் பெரும்பகுதி தமிழ். 2015-ல் கான் விழாவின் உச்ச விருதான தங்கப்பனை அதற்குக் கிடைத்தது. அங்கும் அவருக்குக் கிடைத்த வேடம் அகதி வேடம்தான் என்பதையும் கவனிக்க வேண்டும்.

பாலக்காட்டிலிருந்தும் இடுக்கியிலிருந்தும் பார்த்தால்?

நம் சினிமாவில் ‘இவர் எந்த ஊர்?’ என்ற கேள்வியை அதிகம் எதிர்கொண்டவரின் குடும்ப வேர் பாலக்காட்டில் இருக்கிறது. எம்.ஜி.ஆர். 1917 ஜனவரி 17-ம் தேதி இலங்கையின் கண்டிக்குப் பக்கத்தில் நாவலப்பிட்டியில் பிறந்தார். அப்பா கோபால மேனன், அம்மா சத்யபாமா. பாலக்காடு வடவன்னூர் அம்மா வழியில் வந்த ஊர். அப்பா இறந்த பிறகு பிள்ளைகளோடு அம்மா கும்பகோணம் வந்தார். எம்.ஜி.ஆரின் முதல் படம் 1936-ல் வந்த ‘சதி லீலாவதி’. அதை இயக்கிய எல்லிஸ் ஆர். டங்கன் ஓர் அமெரிக்கர். ‘மலையாளி’ என்று எதிரணி மேடைகளில் சொல்லிக் காட்டியும், 1977-ல் தமிழ்நாடு அவரை முதல்வர் ஆக்கியது. இறக்கும்வரை அடுத்தடுத்து ஜெயிக்கவும் வைத்தது.

அந்த எல்லையே 1956 நவம்பர் 1-ம் தேதி போட்டதுதான். அதற்கு முன் பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. சித்தூர் கொச்சி சமஸ்தானத்தில் இருந்த பகுதி. தேவிகுளம், பீர்மேடு இரண்டையும் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லிப் போராட்டம் நடந்தது, அவை கேரளத்திலேயே நின்றன. கோடு நகர்ந்தது, ஆட்கள் நகரவில்லை. 1969-ம் வருஷக் கேரள ஆட்சிமொழிச் சட்டம், அங்குள்ள தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசோடு தங்கள் மொழியிலேயே கடிதத் தொடர்பு வைத்துக்கொள்ள இடம் தருகிறது. அதாவது கேரளத்துக்காரராகவும் தமிழராகவும் ஒரே நேரத்தில் இருக்கலாம் என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது.

எல்லைப் பகுதியில் வளர்ந்த உங்களுக்கு இது பெரிய தத்துவமாகத் தெரியாது. காலையில் தமிழில் பேசி, ரேஷன் கடையில் மலையாளத்தில் கேட்டு, ஆபீஸில் ஆங்கிலத்தில் மெயில் அனுப்புவது உங்கள் அன்றாடம். கல்கியின் பட்டியலில் பிரெஞ்சும் இந்தியும் கூடுதல், அவ்வளவுதான்.

சரி, அவரை எப்படிச் சொல்வது?

குடியுரிமையைக் கேட்டால் பிரெஞ்சு. பிறந்த ஊரைக் கேட்டால் புதுச்சேரி. வளர்ந்த ஊர் கல்லட்டி, தொழில் செய்யும் ஊர் மும்பை. முன்னோர் அல்சாஸ். ‘தமிழரா?’ என்று கேட்டால், தமிழ் பேசி நீலகிரியில் வளர்ந்த ஒருவரை ‘இல்லை’ என்று தள்ள, முகத்தைத் தவிர வேறு காரணம் சொல்வது கஷ்டம். ‘பிரெஞ்சு நடிகை’ என்ற வரி தப்பில்லை. அது அவருடைய பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு எழுதிய வரி.

எந்தப் படத்திலிருந்து தொடங்கலாம்?

அவரை நண்பர் கூட்டத்தில் ஒருவராக மட்டுமே பார்த்திருந்தால், முதலில் ‘மார்கரிட்டா வித் எ ஸ்ட்ரா’. எழுத்தாளராகவும் தெரிந்துகொள்ள ‘தட் கேர்ள் இன் யெல்லோ பூட்ஸ்’, ஆனால் அது மனதைக் கலங்கடிக்கும் படம், குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கிற படமில்லை. நசீருதீன் ஷாவோடு நடித்த ‘வெயிட்டிங்’ படத்தின் கதை கொச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் நடக்கிறது. கணவன் கோமாவில் கிடக்க, மலையாளம் தெரியாமல் வராந்தாவில் காத்திருக்கும் பெண்ணாக கல்கி வருவார். எல்லைக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என எங்கிருந்து பார்த்தாலும் உங்களுக்குத் தெரிந்த இடம் மாதிரி இருக்கும்.